ஓட்டத்தின் கடைமடை

2005 ஏப்ரலில் நடந்த இலண்டன் மாரத்தானில் பிரிட்டன் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். அடுத்து வந்தவர் வெகுதொலைவில் இருந்தார். தெருவின் இருபுறமும் மக்கள் திரண்டிருக்க, தொலைக்காட்சிக் கேமரா அவரை விட்டு அகலாமல் கூடவே வந்தது. பந்தயத்தின் கடைசிப் பகுதியில் அவர் தெருவோரம் ஒதுங்கி, தடுப்பைப் பிடித்துக் குந்தி அமர்ந்து, வயிற்றின் அவசரத்தைத் தீர்த்துக்கொண்டு மறுபடி ஓடத் தொடங்கினார். எல்லாம் சில நொடிகளில் முடிந்தது. 2 மணி 17 நிமிடம் 42 நொடியில் ஓட்டத்தை முடித்து வென்றார். எதற்காக ஒதுங்கினார் என்பதை அவர் பின்னர் மறைக்கவும் இல்லை.

இந்நிகழ்ச்சியை நாகரிகம் கருதிச் சொல்லாமல் விடுவோர் உண்டு. வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்போரும் உண்டு. இரு சாராரும் இதிலுள்ள பொருளைத் தவறவிடுகின்றனர். நெடுந்தொலைவு ஓட்டத்தின் பெருமையாக மனவுறுதியையும் அர்ப்பணிப்பையும் பேசுகிறோம். கழன்ற நகத்தையும் உரசிப் புண்ணான மார்பையும் கட்டுக்கு அடங்காத குடலையும் அந்தப் பெருமைக்கு இடையில் நேர்ந்த விபத்துகளாக ஒதுக்கிவிடுகிறோம். அவை விபத்துகள் அல்ல என்பதே இங்கு நான் விளக்க முற்படும் கருத்து. ஓடுபவரைக் கடைசிவரை கொண்டுசேர்க்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு எதுவோ, அதுவே அவரை ஊரறியக் கூசவும் வைக்கிறது. இதை உணர, உடலுக்குள் சற்று மெதுவாக இறங்கிப் பார்க்க வேண்டும்.

முதலில் தொலைவை எடுத்துக்கொள்வோம். 42.195 கிலோமீட்டர் என்ற அளவில் இயற்கை விதி எதுவும் இல்லை. 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்பிரிடான் லூயிஸ் வென்ற மாரத்தான் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் வின்சர் கோட்டையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தினர் அமர்ந்த மாடத்துக்கு எதிரே முடியும்படி பாதை வகுத்ததில் இந்த அளவு வந்தது. 1921இல் அதையே நிலையான அளவாக்கினார்கள். மாரத்தான் போரின் வெற்றிச் செய்தியை ஏதென்சுக்கு ஓடிவந்து சொல்லிவிட்டு விழுந்து இறந்த வீரனின் கதையும் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசின் நூலில் இல்லை. ஏதென்சிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு உதவி கேட்டு ஓடியவனைப் பற்றித்தான் அவர் எழுதுகிறார். மற்றது பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதியவர்கள் சேர்த்தது. (மாரத்தான் என்ற ஊருக்கு அங்கே மண்டிக் கிடந்த சோம்புச் செடியால் அப்பெயர் வந்தது என்பார்கள். சோம்பலுக்குச் சற்றும் இடம் தராத சோம்பு!) இவ்வாறு தற்செயலாக அமைந்த தொலைவு, உடலின் ஒரு கணக்கோடு வியக்கும்படி மோதுகிறது.

அந்தக் கணக்கு இதுதான். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் மாரத்தானை முடிக்க 2,500 கிலோகலோரி வேண்டும். வேகமாக ஓடும் தசை விரும்பி எரிப்பது கிளைகோஜனை. அதாவது உண்ட மாவுச்சத்தைத் தசையும் கல்லீரலும் சேமித்துவைத்த வடிவத்தை. அதன் மொத்த இருப்பு ஏறத்தாழ 500 கிராம். அது 2,000 கிலோகலோரிக்குத்தான் வரும். ஒல்லியான ஓட்டக்காரரிடம்கூடக் கொழுப்பு நாள்கணக்கில் ஓடும் அளவுக்கு இருக்கிறது. ஆனால் கொழுப்பு மெதுவாகவே எரியும். அதை மட்டும் நம்பி அதே வேகத்தில் ஓட முடியாது. ஆகவே 30 கிலோமீட்டரைத் தாண்டியபின் ஓரிடத்தில் கால் கனக்கிறது, வேகம் சட்டெனச் சரிகிறது, சிறிய கூட்டல் கழித்தல்கூட மனத்தில் ஓட மறுக்கிறது. ஓடுவோர் இதைச் 'சுவர்' என்கிறார்கள். 1896இன் 40 கிலோமீட்டரிலும் சுவர் இருந்தது. அதற்கு அப்பால் இன்னும் இரண்டு கிலோமீட்டரைச் சேர்த்த பெருமை வின்சர் கோட்டைக்கு.

இருப்புப் போதாதென்றால் வழியில் உண்ண வேண்டும். பிசின் போன்ற சர்க்கரை ஜெல்லையும் இனிப்புக் கலந்த நீரையும் ஓட்டக்காரர்கள் விழுங்குவது இதற்காகத்தான். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது பலரும் வைத்துக்கொள்ளும் அளவு. தேர்ந்தவர்கள் 90 கிராமுக்கும் அதற்கு மேலும் போவார்கள். விழுங்குவது எளிது. விழுங்கியதைக் குடல் உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்க வேண்டுமே! இடர் தொடங்கும் இடம் இதுவே. இக்கட்டுரையின் ஆழமான அடுக்கும் இதுவே என்பதால் இங்குச் சற்று நிற்போம்.

நம் உடலில் ஓடும் இரத்தம் ஐந்து லிட்டர் அளவு. ஓய்வாக இருக்கும்போது இதயம் இறைக்கும் இரத்தத்தில் கால்பங்கு வயிறு, குடல், கல்லீரல் பக்கம் போகிறது. ஓடும்போது தசை கூடுதல் பங்கு கேட்கிறது. தசை செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்கு வெறும் வெப்பமாக வெளிவருவதால், அந்த வெப்பத்தைத் தணிக்கத் தோலும் பங்கு கேட்கிறது. இதயம் எவ்வளவு வேகமாக இறைத்தாலும் இருப்பது அதே ஐந்து லிட்டர். வறட்சியில் ஏரிநீரைப் பங்கிடும்போது எந்த மடையை அடைப்பது என்று ஊர் முடிவுசெய்வதைப் போல, உடல் குடலின் மடையை அடைக்கிறது. கடுமையான ஓட்டத்தில் குடலுக்குப் போகும் இரத்தம் ஐந்தில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும். கடைமடை காய்கிறது. காய்ந்த குடலின் உட்சுவர் கசியத் தொடங்குகிறது. அதற்குள்தான் நாம் மேலும் மேலும் சர்க்கரையை ஊற்றுகிறோம். உறிஞ்சப்படாத சர்க்கரை நீரைத் தன்பக்கம் இழுக்கிறது. ஒவ்வொரு அடியின் அதிர்வும் குடலைக் குலுக்குகிறது. பந்தயப் பதற்றம் அதை மேலும் முடுக்குகிறது. குமட்டல், பிடிப்பு, அடக்க முடியாத அவசரம் என்று எல்லாம் அந்த ஓர் அடைப்பின் பின்விளைவுகள். இதில் உடல் எங்கும் பிழை செய்யவில்லை. கால் ஓட வேண்டும் என்று நாம் இட்ட ஆணையை அது கடைசி எழுத்துவரை நிறைவேற்றியிருக்கிறது.

இப்போது ராட்கிளிஃபின் முந்தைய ஆண்டைப் பார்க்கலாம். 2003இல் இலண்டனில் 2:15:25 என்ற உலகச் சாதனையைப் படைத்தவர் அவர். 16 ஆண்டுகள் நிலைத்த சாதனை அது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில நாள்களுக்குமுன் காலில் காயம் ஏற்பட, வீக்கம் தணிக்கும் மருந்துகளை எடுத்துக்கொண்டார். அவை வயிற்றைக் கெடுத்தன. உண்ட உணவு உடலில் சேரவில்லை. கடும் வெயிலில், 36 கிலோமீட்டர் அளவில், நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். பந்தயம் அவருக்கு அங்கேயே முடிந்தது. இதயமும் காலும் உலகிலேயே சிறந்தவையாக இருந்தும் கடைமடை கைவிட்டதால் எல்லாம் நின்றது. எட்டு மாதம் கழித்து இலண்டனில் அதே வயிறு முரண்டு செய்தபோது அவர் செய்தது ஒரு கணக்கு. பல கிலோமீட்டர் பிடிப்போடு போராடி வேகத்தை இழப்பதா, சில நொடி நின்று கூச்சத்தை இழப்பதா? கூச்சத்தை இழந்தார். அந்தத் தெருவோரத்தில் நான் காண்பது தன்னடக்கத்தின் குறைவை அல்ல. மிகத் தெளிந்த தன்னடக்கத்தை.

1996இல் நூறாவது பாஸ்டன் மாரத்தானில் ஜெர்மனியின் உட்டா பிப்பிக்கின் நிலை இதைவிடக் கடினம். தொடக்கத்திலேயே வயிற்றுவலி, பேதி, இரத்தப்போக்கு. கால்களில் வழிந்ததை மறைக்க வழியில்லை. விலகிவிடலாமா என்று எண்ணியபடியே ஓடியவர், முடிவுக்குச் சற்றுமுன் கென்யாவின் டெக்லா லோரூப்பைக் கடந்து மூன்றாம் ஆண்டாகத் தொடர்ந்து வென்றார். அன்றைய செய்திகளில் சில, அவர் ஓடியதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தடுமாறின. பெண்ணின் உடலைப் பற்றி நாகரிகமாகப் பேசத் தெரியாத இதழியலின் தடுமாற்றம் அது.

தோலையும் நகத்தையும் விரைந்தே கடந்துவிடலாம். அவற்றில் மறைபொருள் குறைவு, எரிச்சல்தான் மிகுதி. வியர்வை உலர்ந்தால் உப்பு மணல்போல் தங்கும். நனைந்த துணி ஆயிரக்கணக்கான முறை அதே இடத்தில் உரசும். தொடையிடுக்கும் அக்குளும் புண்ணாகும். ஆண்களுக்கு மார்புக் காம்பு உரசிக் கிழிந்து, வெள்ளைச் சட்டையில் இரண்டு சிவப்புக் கோடுகள் இறங்கும். வாசலினும் பிளாஸ்திரியும் இதற்கான எளிய காப்பு. பாதம் வீங்கிக் காலணியின் முனையில் இடித்துக்கொண்டே இருப்பதால் பெருவிரல் நகத்தின் அடியில் இரத்தம் கட்டிக் கறுக்கும். சிலருக்குச் சிறுநீரில் இரத்தம் தெரியும்; பெரும்பாலும் இரண்டொரு நாளில் தெளிந்துவிடும். தேர்ந்தவர்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. 2015 பெர்லின் மாரத்தானில் கென்ய வீரர் எலியூட் கிப்சோகேயின் இரண்டு காலணிகளிலும் உள்தட்டு நழுவி வெளியே வந்து படபடத்தது. பாதம் கொப்பளித்து, விரல் கிழிந்து, இரத்தத்தோடு ஓடி 2:04:00இல் வென்றார். நின்று சரிசெய்ய அவருக்கு நேரமில்லை. நின்ற ராட்கிளிஃப், நிற்காத கிப்சோகே, இருவரும் செய்தது அதே கணக்குத்தான். விடை மட்டும் வேறு.

இனி நீர். இவ்வளவு தெரிந்த உடலைப் பற்றி மனிதர் எவ்வளவு தவறாக எண்ணியிருக்கிறார்கள் என்பதற்கு நீரைப் போல் வேறு சான்று இல்லை. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் புழுதி பறக்கும் சாலையில், கோடை வெயிலில் ஓட்டம் நடந்தது. வழியில் நீர் கிடைத்த இடங்கள் மிகக் குறைவு. நீரைக் குறைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் ஆவலும் அமைப்பாளருக்கு இருந்தது. தொடங்கிய 32 பேரில் முடித்தவர் 14 பேர். வென்ற தாமஸ் ஹிக்சுக்கு உதவியாளர்கள் வழியில் கொடுத்தவை முட்டை வெள்ளைக்கரு, பிராந்தி, எட்டிக்கொட்டையில் உள்ள நஞ்சாகிய ஸ்டிரிக்னின். ஊக்கமருந்து என்ற கருத்தே உருப்பெறாத காலம்! 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் போர்ச்சுகலின் பிரான்சிஸ்கோ லாசரோ, வெயிலிலிருந்து தோலைக் காக்க உடலெங்கும் கொழுப்பைப் பூசிக்கொண்டு ஓடியதாகப் பதிவுகள் கூறுகின்றன. வியர்வை வெளியேறும் வழி அடைபட்டது. 30 கிலோமீட்டர் அளவில் விழுந்தவர் மறுநாள் இறந்தார்.

அதற்குப்பின் ஊசல் மறுபக்கம் சாய்ந்தது. தாகம் எடுக்கும்முன்பே குடி, முடிந்த மட்டும் குடி என்ற அறிவுரை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. மெதுவாக ஓடி, ஒவ்வொரு நிலையத்திலும் நின்று குடித்தவர்களின் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனது. மூளை வீங்கியது. 2002 பாஸ்டன் மாரத்தானில் முடிவுக்கோட்டில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அதே ஓட்டத்தில் ஒரு பெண் இதனாலேயே உயிரிழந்தார். இன்று வல்லுநர்கள் தரும் அறிவுரையைக் கேட்டால் நம் பாட்டிமார் சிரிப்பார்கள்: தாகம் எடுத்தால் குடி.

அடுத்த அடுக்கு, விழுதல். 1908இல் இலண்டன் அரங்குக்குள் முதலில் நுழைந்த இத்தாலியர் டொராண்டோ பியட்ரி திசை தடுமாறி எதிர்ப்புறம் ஓடினார். திருப்பிவிட்டார்கள். விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். அதிகாரிகள் தாங்கிப்பிடித்துக் கோட்டைக் கடக்க வைத்தனர். உதவி பெற்றதால் தகுதியிழந்தார். வெற்றி அமெரிக்கர் ஜானி ஹேய்சுக்குப் போனது. மறுநாள் அலெக்சாண்டிரா அரசி பியட்ரிக்கு ஒரு வெள்ளிக் கோப்பையைத் தந்தார். ஹேய்சின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1954 வான்கூவர் காமன்வெல்த் விளையாட்டில் ஜிம் பீட்டர்ஸ், மாரத்தானை முதன்முதலில் 2 மணி 20 நிமிடத்துக்குள் ஓடிய ஆங்கிலேயர், அடுத்தவரைவிட ஏறத்தாழ 17 நிமிடம் முன்னால் அரங்குக்குள் வந்தார். வந்து பலமுறை சரிந்தார். முடிவுக்கோட்டை எட்டவே இல்லை. அதன்பின் பந்தயத்துக்கும் திரும்பவில்லை. 17 நிமிடம் முன்னால் இருந்தவர் அந்த வெயிலில் நடந்திருந்தாலும் வென்றிருக்கலாம் என்பதை அவரைப் போற்றுவோர் சொல்வதில்லை.

தோலுக்கும் தசைக்கும் போதாத இரத்தம் மூளைக்கும் சரியாகப் போகாதபோது, உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டும்போது கால் பின்னுகிறது. குடலைக் கைவிட்ட அதே பங்கீடு, இன்னும் ஒரு படி மேலே போய் மூளையைத் தொட்டிருக்கிறது. காரணத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் விழுந்தவருக்கு அரசி கோப்பை தருகிறார். குந்தியவரைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. வீரம் எது, இழிவு எது என்று பிரிக்கும் கோடு உடலில் இல்லை, பார்வையாளர் இருக்கையில் இருக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் போற்ற வேண்டும் என்றால், அளவறிந்து நின்ற செயலையே நான் போற்றுவேன்.

இந்த அளவறிதலுக்கு மிக நுட்பமான சான்று 1984இல் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலிசில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தான். ஜோன் பெனாய்ட் வென்று வெகுநேரம் கழித்து, சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் அரங்குக்குள் வந்தார். உடல் ஒருபக்கம் முறுக்கி, ஒரு கை தொங்கி, கால் இழுபட்டது. மருத்துவர்கள் அருகே ஓடினர். தொட்டால் தகுதி போய்விடும். கையசைத்து அவர்களை விலக்கினார். அவர்கள் அவரைத் தடுத்திருக்கலாம். தடுக்காததற்குக் காரணம், அவருக்கு இன்னும் வியர்த்துக்கொண்டிருந்தது. வியர்க்கும்வரை உடல் தன் வெப்பத்தை ஆள்கிறது என்பது அவர்கள் கணிப்பு. கடைசி 400 மீட்டரை ஐந்தே முக்கால் நிமிடத்தில் கடந்து 37ஆவதாக முடித்தார், விரைவில் தேறினார். அரங்கமே கோரம் என்று கண்ட உடலில், மருத்துவர்கள் நெற்றியில் வழியும் வியர்வையை மட்டும் வாசித்தார்கள்.

அப்படியானால் அர்ப்பணிப்பு என்பது என்ன? இதுவரை கண்ட அடுக்குகளின் வழியே பார்த்தால், பயிற்சி இந்த இழிவுகளை ஒழிப்பதில்லை; அவை வந்துசேரும் கிலோமீட்டரைத் தள்ளிவைக்கிறது. நான்கைந்து மாதம் வாரந்தோறும் நெடுந்தொலைவை மெதுவாக ஓடினால் தசையில் நுண்குழாய்கள் பெருகும்; கொழுப்பை எரிக்கும் திறன் உயரும், கிளைகோஜன் மிச்சமாகும். இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். ஆக, பங்கிடக் கொஞ்சம் கூடுதல் கிடைக்கும். வெயிலில் பத்துப் பதினைந்து நாள் பழகினால் வியர்வை முன்கூட்டியே சுரக்கும். அதில் உப்பும் குறையும். ஜெல்லைப் பயிற்சியிலேயே விழுங்கிப் பழக்கினால் குடலும் ஓரளவு கற்றுக்கொள்ளும். நோன்பு, நோன்மை, நோற்றல் ஆகிய சொற்களுக்கு வேராகிய 'நோல்' என்பதற்குப் பொறுத்தல் என்று பொருள். இந்தப் பயிற்சிக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. பெரும்பகுதி வலியைப் பொறுப்பதல்ல, சலிப்பைப் பொறுப்பது. எலும்பும் தசைநாரும் இதயத்தைவிட மெதுவாகவே வலுப்பெறுவதால், ஓட முடியும்போது ஓடாமல் இருப்பதையும் பொறுக்க வேண்டும். பந்தயத்துக்குமுன் இரண்டு மூன்று வாரம் ஓட்டத்தைக் குறைக்கச் சொல்வார்கள். பலருக்கு அதுதான் தாங்க முடியாத பகுதி.

வெளியிலிருந்து பார்த்தால் இதில் கம்பீரம் எதுவும் இல்லை. இரவு விருந்தில் பாதியில் எழுந்து தூங்கப் போவதும், விடியுமுன் எழுந்து கழிவறைக்கும் கடிகாரத்துக்கும் இடையே அலைவதும்தான். சனவரியில் மாரத்தான் நடக்கும் சென்னையில், வெயில் ஏறுமுன் ஓடி முடிக்க இருட்டிலேயே கிளம்ப வேண்டும். தெருநாய்கள் நம் அர்ப்பணிப்பைச் சிறிதும் மதிப்பதில்லை. இதில் ஆறுதல் உண்டு: 1904 ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவின் லென் டவுன்யானே நாய் துரத்தியதால் பாதையை விட்டு வெகுதூரம் ஓட நேர்ந்தும் ஒன்பதாவதாக வந்தார். கென்யாவில் காப்டகட் முகாமில் வாழ்ந்து பயின்ற காலத்தில், அன்று உலகச் சாதனையாளராக இருந்த கிப்சோகேயும் மற்றவர்களைப் போலவே முறை வைத்துக் கழிவறை கழுவினார். பெரும் செல்வம் வந்த பின்னும் அவர் அதை விடவில்லை.

ஓட்டம் முடிந்த மறுநாளும் உடல் தன் பங்கைக் கேட்கும். இறக்கத்தில் நீண்டபடியே உடலைத் தாங்கிய தொடைத்தசைகளில் நுண்கிழிசல்கள் விழுந்திருக்கும். வலி இரண்டாம் நாள் உச்சத்துக்கு வரும். பதக்கம் வாங்கியவர் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பின்புறமாக இறங்குவார். கறுத்துக் கழன்ற பெருவிரல் நகம் முழுதாக வளர ஓராண்டுக்கு மேலும் ஆகும். அது வளர்ந்து முடியுமுன்பே அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிடுபவர்கள் பலர்.